நன்றி சொல்லாதவரை

எங்கள் பக்கம் மாத்தே குடுவையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்,
போதும், எனக்கு இனி ஊற்றாதே என்று பொருள்.
சொல்லாதவரை சுற்று தொடரும்.
ஒரே குடுவை, ஒரே குழல்,
கக்கத்தில் ஒரு தெர்மாஸ்.
உருகுவேயின் வடக்கே, தக்வரெம்போ மேய்ச்சல் வெளியில்
குளிர்காலத்தை இப்படித்தான் தள்ளுகிறோம்.

வில்மார் அன்று முதல் குடுவைக்கே நன்றி சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட். கடையில் தீவன மூட்டைகளும் நானும்.
அவன் காலடியில் பெலூசா, காது கிழிந்த ஆட்டுநாய்.
"ஸுல்மா, இவளைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்."
எத்தனை நாள் என்று கேட்டேன்.
சுவரில் இருந்த விலைப்பட்டியலை
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.
போன வாரம்தான் பாக்கியை முழுசாகத் தீர்த்திருந்தான்,
பதினோரு வருஷத்தில் முதல்முறை.
மகிழ்ந்துபோய் ரசீதில் பூ வரைந்து கொடுத்தேன்,
மடச்சி.

"எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.
அவன் முகம் கடை ஷட்டர் மாதிரி இறங்கியது.
"ஆமாம், ஆகிவிடும்."

எட்டு வருஷத்துக்கு முன்
தார்தோவிடமும் இதையேதான் சொன்னேன்.
தார்தோவைப் பற்றி இங்கே இவ்வளவுதான் முடியும்.

கேட்டால், இல்லாத நினைப்பை நாமே விதைத்தது போலாகும்
என்பார்கள். நானும் நம்பியிருந்தேன்.
கெட்டிலில் தண்ணீர் முனகத் தொடங்கியது.
கை நடுங்கியது எனக்குத்தான், அவனுக்கல்ல.
"வில்மார், செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?"

நாய் உட்கார்ந்தது.
சாலையில் ஒரு மர லாரி. அதன் கடைசிச் சக்கரம்
கடந்து முடியும்வரை அவன் பேசவில்லை.
பிறகு, "யாரும் கேட்டதில்லை" என்றான்.
பிறகு, "ஆமாம்."

கடன், கம்பளி விலை, விட்டுப்போன மனைவி என்று
ஊர் கூடி ஒரு காரணம் தைத்திருக்கும்.
அவன் சொன்னது வேறு:
"காலையில் ஒரு பூட்ஸைப் போட்டுவிடுகிறேன்.
இன்னொன்றைப் போட முடிவதில்லை.
பார்த்தால் மணி பத்து."
நான் கடவுளை இழுக்கவில்லை.
பிள்ளைகளைக் காட்டி மிரட்டவில்லை.
மூட்டையை நகர்த்தி உட்கார இடம் செய்தேன்.
எப்படி என்று யோசித்தாயா என்றும் கேட்டேன்.
அன்று மாலையே அவன் வீட்டு அலமாரிச் சாவி
என் மேசை இழுப்பறைக்கு வந்துவிட்டது.
ரிவேராவிலிருக்கும் அக்கா மிர்தாவின் எண்ணை
அவன் அழுத்தினான், நான் பேசினேன்.
இரவுப் பஸ்ஸில் இறங்கினாள் அவள்,
இரண்டு போர்வை, பொரித்த கோழி ஒன்று.

விடிந்ததும் தொண்ணூறு கிலோமீட்டர், ஆஸ்பத்திரி,
டோக்கன் நாற்பத்தேழு.
மனநல டாக்டர் சின்னப் பெண், கடும் ஜலதோஷம்,
அவனைவிட அவள்தான் நோயாளி போலிருந்தாள்.
ஆனால் காது இருந்தது அவளுக்கு.
நாற்பது நிமிஷம் அந்தக் கதவு மூடியே இருந்தது.
பழைய பத்திரிகையில் ஒரே ராசிபலனை
வெளியே நானும் மிர்தாவும் மாறிமாறிப் படித்தோம்.

அதோடு குணமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான்.
செப்டம்பரில் இரண்டு செவ்வாய்க்கிழமை அவன் போகவில்லை.
மாத்திரை நாக்கை உலர்த்துகிறது என்று சண்டை.
ஒரு ராத்திரி மூன்று மணிக்குப் போன்.
பேச ஒன்றுமில்லை என்றான்.
சரி, பேசாதே என்றேன்.
ரிசீவரைக் கீழே பிடித்தேன்.
இரண்டு பேரும் பெலூசாவின் குறட்டையைக்
கேட்டுக்கொண்டிருந்தோம்.

நவம்பர். ஆட்டுரோமம் கத்தரிக்கும் காலம்.
கொட்டகையிலிருந்து நேராக வந்தான்,
சட்டையெல்லாம் கம்பளிப் பிசுக்கு.
"என் நாய்" என்றான்.
பெலூசா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
ஒரு கொட்டாவி விட்டுவிட்டு
அவன் பக்கம் போய்ப் படுத்தாள்.

குடித்துவிட்டுப் போ என்றேன்.
ஆறாவது சுற்றில் இலை வெளுத்துச் சப்பென்று ஆகிவிட்டது,
நாக்கு உள்ள எவரும் நிறுத்தியிருப்பார்கள்.
கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி
குடுவையை என்னிடம் நீட்டினான்.
காத்திருந்தேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஊற்றினேன்.