தண்ணிக் கழிவு

ஹந்தானை மூடுபனி ஜன்னலேறினால்
மை காயாது.
சூட்டுத்தட்டை எண்பதுக்கு ஏற்றி
டைட்டேனிய வலைமேல்
இரிடியத்தைத் தெளிக்கிறேன், மூச்சடக்கி:
சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராம்.

இன்னும் குறைக்கலாமா, என்கிறாள் தர்மினி.
ஒரு கிராமின் விலை
என் மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

மேல்கணக்கு மடுவத்தில்
ஈரக்கொழுந்தென்று தண்ணிக்கு இரண்டு கிலோ
கழித்துத்தான் நிறுத்தார்கள் அம்மாவுக்கு.
அந்த மாதம் ஏழு அரைப்பேர்.
கழிப்பதென்றால் எனக்குக் கை நடுங்கும்.

இருந்தும் கழித்தேன். கால் மில்லிகிராம்.
சுவிட்ச். ஒன்று புள்ளி ஆறு வோல்ட்.
எதுவுமில்லை.
பிறகு
வலையெங்கும் குருணைக் குமிழிகள்,
பிரிந்து பிரிந்து மேலேறும் தண்ணீர்.

முழுப்பேர் போடு தர்மினி,
இந்தக் கால் மில்லிகிராமுக்கு.

அவளுக்கு விளங்கவில்லை.
கொப்பியில் 0.25 என்று மட்டும் எழுதிவிட்டு,
கரண்ட் போகுமுன்
இன்னொன்று ஓட்டுவோமா, என்கிறாள்.