ஒதுக்கப்படாதது

லாமிங்டன் ரோட்டில் பழசாக வாங்கிய லேப்டாப்.
இருநூற்றைம்பத்தாறு ஜிபி.
செல்வினின் டாலிக் கணக்குக்கு விண்டோஸ்,
என் படிப்புக்கு லினக்ஸ்.
நூறு எடுத்துக்கோ என்றான்.

கோட்டை இழுத்தேன்.
நாற்பதைத் தாண்டி நகரவில்லை.
நகர்த்த முடியாத கோப்பு ஒன்று
நடுவில் உட்கார்ந்திருக்கிறதாம்,
எங்கள் அறையில் மாமியாரின் பீரோ போல.

வேறு கருவி போட்டு நெம்பினேன்.
எழுபது சதவீதத்தில் பாட்டரி செத்தது.
அவன் சட்டைக்கு இஸ்திரி போட
சார்ஜரைப் பிடுங்கியவள் நான்தான்.

கறுப்புத் திரையில் ஒரே வரி:
இயங்குதளம் எதுவும் காணவில்லை.

தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தூக்கம்.
கடைசி லோக்கல் சயானைக் கடந்துவிட்டது.
ஜிஎஸ்டிக்கு இரண்டே நாள்.
பென்டிரைவில் ஏற்றி, பழைய எல்லையைத்
தேடவிட்டேன். எண்கள் ஓடின.

புரண்டு படுத்தவன் கேட்டான்:
“என் பக்கம் இருக்கா?”
“தேடுது.”
“உன் பக்கம்?”
இன்னும் போடவே இல்லை என்று
சொல்லவில்லை நான்.

நாலரைக்கு அவன் பாகம்
பச்சை எழுத்தில் வந்தது, மே மாத பில்கள் உட்பட.
எழுதட்டுமா என்றது. எண்டர்.

ஓரத்தில் நாற்பது ஜிபி மிச்சம்.
பக்கத்தில் அதன் பெயர்: ஒதுக்கப்படாதது.
குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டும்
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.