யானைத் தலையணை

மருத்துவிச்சி உல்ரிகே ஒவ்வொன்றாய் எடுத்து
என் கையில் தந்தாள்:
கிடங்குப் பெடியள் காசு சேர்த்து வாங்கிய
யானைத் தலையணை,
கம்பிகளைச் சுற்றி மூன்று இரவாய் நான் கட்டிய
பஞ்சுத் தடுப்பு,
கம்பளிப் போர்வை.
"இரண்டு டிகிரிதான்" என்றேன்.
"அது வீதியில்" என்றாள்.

இப்போது தொட்டிலில்
இழுத்துச் செருகிய விரிப்பு.
கையில்லாத உறக்கப் பைக்குள்
மல்லாந்து கிடக்கிறான் அகரன்.

வுப்பெர்டாலின் கடைசித் தொங்குரயில் போகிறது.
சன்னல் அதிர்கிறது,
அவன் அசையவில்லை.
மூக்கருகே விரல் வைக்கிறேன்.
பிடரியைத் தொடுகிறேன், வெதுவெதுப்பு.
திரும்பவும் ஒருக்கால்.

"அவன் படுக்கட்டும், விடுங்கோ"
இருட்டிலிருந்து தர்மிளா.

யானையைத் தலைக்கு வைத்துத்
தொட்டிலோரம் தரையில் சரிகிறேன்.
போர்வை எனக்குக் கட்டை.
முழங்காலுக்குக் கீழே
குளிர்.