யாரால்

மஸ்கெலியா டவுனில், பேக்கரிக்கு மேல்மாடி.
சனிக்கிழமை இரண்டு மணிக்கு அணி இலக்கணம்.
கீழே பணிஸ் வேகும் வாசம் ஏறிவரும்.
கோகிலவாணிக்கு உருவகம் படித்தால் பசி வரும்.
எனக்குப் பசி வந்தால் எதுவும் வராது.

பரீட்சை எனக்கு இது இரண்டாம் தடவை.
திங்கள் முதல் வெள்ளி வரை கொழுந்து.
நோட்ஸைப் பொலித்தீனில் சுற்றிப்
படங்குக்குள் செருகிக்கொண்டு மலையேறுவேன்.
ஒருநாள் மழை உள்ளே இறங்கி
வேற்றுமை அணியில் பாதி கரைந்துபோயிற்று.
'இரு பொருளுக்கும் முதலில் ஒப்புமை கூறி, பின்பு'
அதற்குப் பின்பு நீல மைதான்.

உவமைக்கு உதாரணம் கேட்டபோது
'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை மலை'
என்று வகுப்பில் பதினொரு பேர் எழுதியிருந்தோம்.
பொருள், உவமை, உருபு, பொதுத்தன்மை
எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போட்டாயிற்று.
திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலையில்
கம்பளத்துக்குள் இடுப்பளவு நின்று
கெண்டைக்காலில் அட்டையைப் பிடுங்கும்போது
இதில் நான் எந்த உறுப்பு
என்று யோசித்தேன். கூடை நிறையவில்லை.

சபையில் சொல்லக் கூசுவதை
வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல்.
'கால் கழுவி வந்தான்' என்று உதாரணம்.
வந்தான், சரி.
நாங்கள் எங்கே போய்க் கழுவுவது,
பன்னிரண்டு மணிக்கு மடுவத்துக்கு இறங்கும்வரை?
சொல்லை மட்டுமா அடக்குகிறோம்.

குழூஉக்குறிக்குப் புத்தகத்தில் தட்டார் உதாரணம்.
எங்கள் மலையிலும் ஒன்று இருக்கிறது.
இங்கே எழுதமாட்டேன்,
கண்டக்டர் ஐயாவுக்கு வாசிக்கத் தெரியும்.

ஐந்து நிமிடம் பிந்தினால் அவர்
"வாங்க மகாராணி, பல்லக்கு அனுப்பியிருப்பேனே" என்பார்.
புகழ்வதுபோலப் பழித்தல்!
பெயர் தெரிந்த வாரத்தில்
நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
அவர் தடுமாறிப்போய்
அன்றைக்குத் திட்டுவதற்கு மறந்தார்.

பிறகுதான் பெரட்டுக்களத்தில் அந்த அறிவித்தல்.
'பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால்
அரைப் பேர் மட்டுமே வழங்கப்படும்.
ஈரக் கொழுந்துக்கு இரண்டு கிலோ கழிக்கப்படும்.
அனைவரதும் நன்மை கருதி
இது தீர்மானிக்கப்பட்டுள்ளது.'

எல்லாரும் எண்களைப் பார்த்தார்கள்.
ராக்கம்மா அக்கா விரல் மடித்துக் கணக்குப் போட்டாள்.
நான் வினைகளைப் பார்த்தேன்.
வழங்கப்படும், கழிக்கப்படும், தீர்மானிக்கப்பட்டுள்ளது.
மூன்றும் செயப்பாட்டுவினை.
செயப்பாட்டுவினையில் செய்தவனுக்கு ஓர் உருபு வேண்டும்,
மூன்றாம் வேற்றுமை, ஆல்.
மேலே தேடினேன், கீழே தேடினேன்,
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்திலும்
ரப்பர் முத்திரைதான்.
ஆலைக் காணோம்.

இடைவேளைக்கு ஒப்பீசுக்குப் போனேன். கொழுந்துக் கையோடு.
பெரிய கிளாக்கர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"ஐயா, யாரால்?"
"என்ன யாரால்?"
"தீர்மானிக்கப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு. யாரால்?"
"உனக்கு எதுக்கு அது?"
"சோதனைக்கு ஐயா. தமிழ்ப் பாடம்."

அவர் பேசவில்லை.
கண் மட்டும் ஒருதரம்
உள்ளறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது.
கதவு சாத்தியிருந்தது.
உள்ளே யாரோ தேநீர் கலக்கும் கரண்டிச் சத்தம்.
இதற்கு என்ன அணி என்று
நோட்ஸில் இல்லை.
கோகிலவாணியிடமும் கேட்டேன். தெரியாது என்றாள்,
நனைந்த பக்கத்தில் இருந்திருக்குமோ என்றாள்.

அன்று மாலையும் தராசில் இரண்டு கிலோ போயிற்று.
மழையே இல்லை.
லயத்துக்கு வந்து, கை கழுவாமல்,
கொப்பியில் 'செய்வினையாக மாற்றுக' என்று தலைப்பிட்டு
ஒரே ஒரு சொல் எழுதினேன்:

கழித்தார்கள்.