ஒன்பது நாள் தண்ணீர்

"புழுக்காரி வந்துட்டா" என்று
தெருமுனையிலேயே பிள்ளைகள் கத்திவிடுவார்கள்.
நான் வாசலுக்குப் போவதற்குள்
டிரம்களுக்கு மூடி வந்துவிடும்,
சில வீடுகளுக்குப் பூட்டும்.

என் பையில் ஒரு டார்ச், வெள்ளைக் கரண்டி,
அபேட் பாட்டில்,
சுவரில் தேதி போடத் துண்டு சாக்பீஸ்.
சம்பளம் ஆடி மாதத்தோடு நிற்கிறது.
இப்போது ஐப்பசி.

ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
ஆட்டுக்கல் குழி, டயர், கொட்டாங்குச்சி,
ஃபிரிட்ஜுக்குப் பின்னால்
வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்த்திராத தட்டு.
கொலுசுப் பட்டறையில்
வெள்ளி வெளுக்கும் ஆசிட் தொட்டியில் மட்டும்
எதுவும் பிறப்பதில்லை.
அதற்குப் பக்கத்தில், கை கழுவ வைத்த வாளியில்,
வெளிச்சம் பட்டதும்
காற்புள்ளிகள் நெளிந்து அடிக்கு ஓடுகின்றன.

மாதம்மாள் வீட்டு டிரம்மில் அன்றைக்குப் பாதித் தண்ணீர்.
அவள் மகள் கனிஷ்கா
சேலம் பெரியாஸ்பத்திரியில் கொசுவலைக்குள் கிடக்கிறாள்,
அப்பன் துணைக்கு.
இவள் இங்கே கொலுசுக்கு மணி வைத்துக்கொண்டு
"முப்பத்திரெண்டாயிரம், முப்பத்திரெண்டாயிரம்" என்கிறாள்.
கூலி என்று நினைத்தேன்.
தட்டணு.
சாயங்காலத்துக்குள் இருபது ஜோடி கொடுத்தால்தான்
நாளைக்குப் போகப் பஸ் காசு.

"கொட்டணும்" என்றேன்.
"கொட்டு. அடுத்த தண்ணி வெள்ளிக்கெழம.
அதுவரைக்கும் நீ கொண்டாந்து ஊத்துவியா?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்தோம்.
முட்டை சுவரில் ஒட்டியிருக்கும் என்று
தேங்காய் நாரால் நான் தேய்க்கத் தேய்க்க
அவள் வாசலில் ஓடுகிற தண்ணீரையே பார்த்தாள்.
இருட்டிய பிறகு
என் வீட்டிலிருந்து மூன்று குடம்.
நான்காவதற்கு எங்களுக்கே இல்லை.

முட்டை சிறகாக எட்டு நாள்.
எங்கள் ஊருக்கு மேட்டூர்த் தண்ணீர்
ஒன்பது நாளைக்கு ஒருமுறை.
இதற்கு வாய்ப்பாடு தேவையில்லை.

நவம்பர் ஒன்று கிராமசபை.
ஷாமியானா, மிக்சர் பொட்டலம்,
ஏழாம் தீர்மானம்:
வீட்டில் தண்ணீர் தேக்கிக் கொசு வளர்ப்போருக்கு
ஐந்நூறு ரூபாய் அபராதம்.
ஒருமனதாக.

எழுந்தேன்.
"அஞ்சு நாளைக்கு ஒருதரம் விடுங்க,
பாதி விட்டாலும் போதும்,
யாரும் தேக்கமாட்டாங்க."
தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு
"பரிசீலிக்கப்படும்" என்றார்.
இதையே மூன்று தரம் எழுதி அனுப்பியிருந்த
சுகாதார ஆய்வாளர் ஜெபராஜ் சார்
குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பின்வரிசையில்,
வால்வு திருப்பும் கம்பியைத் தோளில் சாய்த்து
டேங்க் ஆபரேட்டர் செங்கோடன்
மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த தண்ணீர் வந்து ஐந்தாம் நாள்,
விடிகாலை மூன்று மணிக்கு
தெருக்குழாய் இருமியது.
முதலில் காற்று, பிறகு துரு,
பிறகு அரைமணி நேரம் தண்ணீர்.
உத்தரவு எதுவும் இல்லை.
கேட்டால், "வால்வு லூசு,
அதுவாத் தொறந்துக்குது" என்கிறார் செங்கோடன்.
கீழ்த்தெருவுக்கும் காலனிக்கும் மட்டும்
அது லூசாகிறது.

கனிஷ்கா வந்துவிட்டாள்.
கால் குச்சியாகிவிட்டது, தொண்டை அப்படியே இருக்கிறது.
பிள்ளைகள் கூட்டத்தில் இப்போது
அவள் குரல்தான் முதலில்:
"புழுக்காரி வந்துட்டா!"

கார்த்திகைக் கடைசியில் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம்.
எங்கள் ஊரில் நூறு வீட்டுக்குப் பதினெட்டாக இருந்தது
நான்காகியிருந்தது.
'குறைந்ததற்கான காரணம்' என்று படிவத்தில் ஒரு கட்டம்.
பக்கத்து ஊர்க்காரி 'விழிப்புணர்வு' என்று எழுதினாள்.
நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'மழை இல்லை' என்று எழுதினேன்.

ஜெபராஜ் சார் வாங்கிப் படித்தார்.
ஜன்னலைப் பார்த்தார்.
சாரல் உள்ளே அடித்து
மேசையில் மற்ற படிவங்களின் மை கரைந்துகொண்டிருந்தது.
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து
கையெழுத்துப் போட்டார்.