இல்லாத அட்டைவாசிப்பான்

சூரமங்கலம் அலுவலகத்தின் பின்னறையில்
ஏசியின் சத்தம் மட்டும் பழைய அளவில் இருக்கிறது.
நாலு பீரோ அகலத்துக்கு நின்ற இயந்திரத்தை
இரண்டாயிரத்து ஆறில் கிலோக் கணக்கில் எடைபோட்டு
லாரியில் ஏற்றினார்கள்.
ரசீதில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.
அதன் கால்கள் அழுத்திய இடம்
தரையில் இன்னும் வெளிறிக் கிடக்கிறது.

இப்போது அது என் மேசைக்கடியில்
தட்டுவடை டப்பா உயரத்துப் பெட்டியொன்றில் ஓடுகிறது.
அதாவது, ஓடுவது தான்தான் என்று
அதுவே நம்பிக்கொண்டிருக்கிறது.
நாடா சுற்றுகிறதா என்று கேட்கும்,
சுற்றுகிறது என்று பெட்டி பதில் சொல்லும்.
உள்நுழைந்தால் தினமும் ஒரு தகவல்:
உன் அட்டைவாசிப்பானில் மூன்று கோப்புகள்.
துளையிட்ட அட்டையை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
கணக்குப் பிரிவு தேவசகாயம்
அதைக் கிழித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

உள்ளே பதினேழு பேருக்குப் பதினேழு இயந்திரம்.
ஒரே வீட்டைப் பதினேழு குடித்தனத்துக்கு விட்டு
எவரும் எவரையும் மாடிப்படியில் பார்த்துவிடாமல்
சமாளிக்கிற வீட்டுக்காரன் மாதிரி.
பெயர்ப்பலகை மட்டும் எட்டு எழுத்துக்கு மேல் கூடாது,
அதுவும் ஆங்கிலத்தில்.
செண்பகவடிவாகிய நான்
செண்பகா என்ற மட்டில் உள்ளே போனேன்.
வடிவு இருபத்துமூன்று வருடமாக வெளியே நிற்கிறது.

ஓய்வூதியக் கணக்குக்கு
ஆண்டை நாலு இலக்கமாகத் திருத்தியாயிற்று.
கடிதமும் நாட்குறிப்பும் எழுதுகிற ஆபீஸ் மென்பொருளுக்கு
யாரும் பணம் ஒதுக்கவில்லை.
அதன் ஆண்டை இருபத்தெட்டு பின்னால் தள்ளிவைத்தோம்.
கிழமைகள் அச்சாகப் பொருந்தும்.
ஆக அதற்குள் இன்று தொண்ணூற்றேழு,
செவ்வாய்க்கிழமை.
மாலை நாலரைக்கு மினுங்குகிறது பச்சை வரி:
டிக்ரூஸ், ஏற்காடு பஸ்.

டிக்ரூஸ் சார் இறந்து பதினான்கு வருடம்.
ஒருமுறை அவர் பெயரை நீக்கிப் பார்த்தார்கள்.
அன்று அறுநூற்றுப் பதினோரு பேருக்குப் பணம் போகவில்லை.
மாதாந்தர வேலையை
அவர் தன் கணக்கிலேயே ஓடவிட்டிருந்தார்,
எங்கும் எழுதிவைக்காமல்.
வெள்ளிக்கிழமை இரவோடு இரவாக
அவரைப் பழைய நகலிலிருந்து எடுத்து உட்காரவைத்தோம்.

சென்னையிலிருந்து நிகிலேஷ் வந்தார்,
முப்பது வயது, மரியாதையான பையன்.
"மேடம், இதை ஏன் இன்னும்?"
புதியதை நிறுவிக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது.
விரலை வைத்தால் போதும், உயிர்ச் சான்று முடிந்தது.
செட்டிச்சாவடி பாவாயி வந்தார்,
முப்பத்தோரு வருடம் வெள்ளைக்கல் பொறுக்கியவர்.
பெருவிரலை வைத்தார்.
ஆட்காட்டி விரலை வைத்தார்.
சேலையில் துடைத்துவிட்டுப் பத்தையும் வைத்தார்.
ரேகை என்று ஒன்று மிச்சமிருந்தால்தானே.
திரையில் சிவப்பாக வந்தது: நபர் இல்லை.
"நானு இங்கதான கண்ணு நிக்கறேன்" என்றார் பாவாயி,
கணினியிடம்.

நிகிலேஷ் எதையோ குறித்துக்கொண்டார்.
அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார்,
ஆகவும் கூடும்.
அதுவரை பாவாயிக்கு எண் நான்கு பூஜ்யம் ஏழு இரண்டு;
அதைத் தட்டினால்
இல்லாத அச்சுப்பொறியில் ஒரு ரசீது அச்சாகிறது,
வங்கியில் நிஜமாகவே பணம் விழுகிறது.

மணி நாலரை.
ஜன்னலில் மலை, பாதி மேகம்.
பஸ் எதுவும் இங்கிருந்து தெரியாது.
பச்சை வரி கேட்கிறது: நீக்கவா, ஒத்திப்போடவா?
ஒத்திப்போடு என்று அழுத்திவிட்டு
யூபிஎஸ் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்க
ஐந்து ரோடு வரை போகிறேன்.