திங்கட்கிழமை தருகிறேன்

புந்தா அரேனாஸில் காற்று வெறிகொள்ளும் நாட்களில்
நகராட்சி ஆட்கள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
அப்படியொரு ஜூலைக் காலையில்தான் அவள் வந்தாள்,
உள்ளங்கையில் கயிற்றின் சிவந்த தடத்தோடு,
பதிவாளர் அலுவலகத்தின் நான்காம் ஜன்னலுக்கு.

சேர வருகிறவர்களுக்கு ஒன்றும் இரண்டும்.
கட்டணத்துக்கு மூன்று.
போகிறவர்களுக்கு நான்.

யாஸ்னா பரியா. கடல் உயிரியல், மூன்றாம் ஆண்டு.
நண்டு ஆலையில் இரவு வேலை.
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடையை மறைக்க
விரல்களைக் கம்பளிச்சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள்.
படிவம் பதினான்கை நீட்டினேன்.
பெயர் எழுதினாள். அடையாள எண் எழுதினாள்.
'விலகுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

பதினேழு வருடமாக அந்தக் கட்டத்தைப் படிக்கிறேன்.
'பணம்' என்பார்கள், ஒற்றைச் சொல்லில்.
'அப்பா' என்று மட்டும் எழுதிப் போனான் ஒருவன்.
'நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லை' என்று
பென்சிலால் எழுதி, அழித்து,
அதன்மேல் மையால் 'சொந்தக் காரணம்' என்றாள் ஒருத்தி.
அழித்ததை விளக்கில் தூக்கிப் பிடித்துப் படித்தேன்.
படித்து என்ன?
முத்திரை குத்தத்தான் சம்பளம்.

யாஸ்னா நிமிராமலே கேட்டாள்:
'திங்கட்கிழமை தரலாமா?
இன்று தண்ணீர் மாற்ற வேண்டும்.'

எந்தத் தண்ணீர்?

முப்பத்தோரு கடல் நத்தைகளாம்.
ஓட்டின்மேல் நகப்பூச்சால் எண்.
சிவப்பு, வெதுவெதுப்பான தொட்டிக்கு. பச்சை, குளிர்ந்ததற்கு.
ஆய்வுக் கூட்டாளி நிபால்தோவின் கண்ணுக்கு
சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.
அவனிடம் விட்டால் இரண்டே நாளில் எல்லாம் குழம்பிவிடும்.
அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

படிவத்தை இழுப்பறையில் வைத்தேன். விதிப்படி தவறு.
அந்தத் திங்கள் அவள் வரவில்லை.
அடுத்த திங்கள் வந்து,
பதினெட்டாம் எண் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.
படிவத்தை அவள் கேட்கவில்லை.
நானும் நீட்டவில்லை.

ஆகஸ்டில் சாந்தியாகோவிலிருந்து வல்லுநர் ஒருவர் வந்தார்.
மாணவர்களை எது தங்கவைக்கிறது என்று கண்டுபிடிக்க
நாற்பது கேள்விகள்; ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண்.
'எதிர்காலக் கனவு என்னை இயக்குகிறது.'
'இந்தப் பல்கலைக்கழகம் என்னுடையது என உணர்கிறேன்.'
யாஸ்னா எல்லாவற்றுக்கும் மூன்று போட்டிருந்தாள்.
நத்தைக்கு அதில் கட்டமில்லை.
ஏழு மணிப் பேருந்தை
இரண்டு நிமிடம் தாமதிக்கும் ஓட்டுநருக்கும் இல்லை.

செப்டம்பரில் பதினெட்டு செத்தது.
அதைச் சொல்ல வந்தவள் ஜன்னலோரம் சும்மா நின்றாள்.
காரணம் என்னவென்று கேட்டேன், பழக்கதோஷம்.
'தெரியவில்லை' என்றாள்.
பிறகு, முகம் கொஞ்சம் மாறி,
'கண்டுபிடிக்க வேண்டும்.'

அதே வாரம் நிபால்தோவும் வந்தான்.
வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, இன்னும் ஏதேதோ.
பெயர் எழுதினான். எண் எழுதினான்.
காரணக் கட்டத்தருகே தலையைச் சொறிந்தான்.
'அடுத்த வாரம் கொடுத்தால் பரவாயில்லையா?
கூட்டாளிக்குக் கையெல்லாம் வெட்டு.
உப்புத்தண்ணீர் பட்டால் எரியும்;
சொல்லமாட்டாள், பல்லைக் கடித்துக்கொள்வாள்.
வாளி தூக்க ஆள் வேண்டும்.'

இப்போது இரண்டு படிவங்கள்
ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.
ஒருவர் விஷயம் மற்றவருக்குத் தெரியாது.
இருவரும் பட்டம் வாங்குவார்களா? நான் ஜோசியன் இல்லை.
கோடையில் வாடகை ஏறும், நண்டுக் காலம் முடியும்,
இந்த ஊரில் ஒரே இரவில் எதுவும் பறந்துபோகும்.

வெள்ளிக்கிழமை தணிக்கை.
தேதியில்லாத தாள் இருக்கக்கூடாதென்று சுற்றறிக்கை.
இழுப்பறைச் சாவியை
நான் வீட்டுக்கு எடுத்துப்போகத் தொடங்கியிருக்கிறேன்.